முழங்கால் உயரம்

முள்ளோடையில்
மூன்றாம் எண் பம்ப் என்னுடையது.
கடலூர் வண்டிகள் எல்லை தாண்டி வந்து
தாகம் தீர்த்துத் திரும்பும்.
லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம்,
அதில் பாதி வரும் வழியிலேயே எரிந்திருக்கும்.

பதினொன்றுக்கு மேல்
பூஜ்யத்தைக் காட்டிக் காட்டி ஓய்ந்த கை
சும்மா தொங்கும்.
அப்போதுதான் பார்த்தேன்,
சாலையின் நடுத்திட்டில் மயில்கொன்றை தூங்குவதை.
இலைகளெல்லாம் இணை இணையாய் மூடிக்கிடக்க
பூ மட்டும் விழித்திருந்தது,
ஓரம் மஞ்சளடித்த சிவப்பாய்.

பங்குனியில் நெற்று வெடித்தது.
முறுக்கிக்கொண்டு இரண்டாய்ப் பிளந்து
விதையை எறிந்த சத்தம்
யாரோ விரல் சொடுக்கிக் கூப்பிட்டதுபோல்.
"எவ்வளவுக்கு?" என்று திரும்பினேன்.
வண்டி ஒன்றும் இல்லை.

பதினேழு விதை பொறுக்கினேன்.
சட்டைப் பொத்தான் மாதிரித் தட்டை,
அதைவிடக் கெட்டி.
அப்படியே மண்ணில் போட்டால்
மாசக்கணக்கில் வாய் திறக்காதாம்.
நகவெட்டியால் ஒவ்வொன்றின் ஓரத்தையும் கிள்ளினேன்,
பிறந்த பிள்ளைக்கு நகம் எடுக்கிற பயத்தோடு.
பாவாடை டீக்கடையில் வெந்நீர் வாங்கி
காலி பாட்டிலில் ஊற்றி
ஊறப் போட்டேன்.

விடிந்து ரெட்டிச்சாவடிக்குப் போகையில்
செக்போஸ்டில் மறித்தார் ஏட்டு கலியமூர்த்தி.
பாட்டிலில் தண்ணீர் பழுத்திருந்தது,
அசல் பிராந்தி நிறம்.
மூடியைத் திறந்து மோந்தார்.
இன்னொரு தரம் மோந்தார்.
"என்னம்மா இது?"
"விதை சார்."
"விதையா? எந்த கம்பெனி?"
பின்னால் நின்ற மூன்று பைக்கும் சிரித்தன.
உள்ளங்கையில் கவிழ்த்துக் காட்டினேன்.
ஊறி உப்பிக் கிடந்தன.
இரண்டை எடுத்துச்
சாட்சிப் பொருள் போலக் காகிதத்தில் மடித்துச்
சட்டைப்பையில் வைத்தார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஆயில் டப்பாக்களில் மண் நிரப்பி நட்டேன்.
சோப்புப் போட்டுக் கழுவாத இரண்டில்
முளை கறுத்துச் செத்தது. என் தப்பு.
ஆறு முளைக்கவே இல்லை.
மூன்று ஆடி மழையில் அழுகின;
தண்ணீர் தேங்கினால் கோபித்துக்கொள்ளும் சாதி.
மிஞ்சிய நான்கை
காற்றடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில்
மணல் கலந்து வைத்தேன்.

தை மாதம்
முதல் கொத்து விரிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை,
முதலாளி அந்துவான் காரை விட்டு இறங்காமலே சொன்னார்:
"போர்டு தெரியல. வெட்டிடு."
முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன்.
கையெல்லாம் முள் கீறல்.
நான்கு நாள் அவரோடு பேசவில்லை,
அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

வெட்டிய இடத்துக்குக் கீழே
கணுவுக்குக் கணு கிளைத்தது.
வைகாசியில்
டீசல் முழுசாக மறைந்துபோனது.
பெட்ரோலில்
புள்ளிக்கு அப்பால் உள்ள பைசா மட்டும்
பூவுக்கு நடுவில் எட்டிப்பார்த்தது.

பாகூர் நர்சரிக்காரர்
டீசல் போட வந்தபோது சொன்னார்,
வருஷம் ஒருமுறை அடியோடு வெட்டினால்தான்
இது இப்படிப் பூக்குமாம்.
முதலாளிக்கு இது தெரியாது.
இனியும் ஒவ்வொரு தையிலும்
வெட்டிடு என்பார்.
முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு
அரிவாளைத் தேடுவேன்.

நேற்று மறுபடி மறித்தார் ஏட்டு.
பாட்டிலைக் கேட்கவில்லை.
சாவடி ஓரத்தில்,
தீயணைக்க வைத்திருந்த சிவப்பு மணல் வாளியில்,
முள்ளும் இலையுமாய் ஒன்று
ஒல்லியாக நின்றது.
"ஒண்ணுதான் வந்துச்சு. ஒசந்துக்கிட்டே போவுது,
பூக்க மாட்டேங்குது.
வெட்டணுமாமே, எதுவரைக்கும்?"

வண்டியை ஸ்டாண்ட் போட்டு இறங்கினேன்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
குனிந்து
என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன்.